ராத்திரியில் தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறது, இது மெனோபாஸ்தானா?

3 மார்ச் 2024 (ஒரு வாசகியின் கேள்வி)

வயது 47. மூன்று மாதமாக இரவில் படுத்தால் கை, கால், முதுகெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மெத்தையை வெயிலில் போட்டேன், தலையணை உறையைக் கொதிநீரில் அலசினேன். வீட்டுக்காரர் "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார். மெடிக்கலில் சிரங்குக்கு என்று ஒரு லோஷன் கொடுத்தார்கள், தோல் இன்னும் காய்ந்ததுதான் மிச்சம். மாதவிடாய் முறை தவறி ஒரு வருடம் ஆகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

3 மார்ச், இரவு

உண்டு. எனக்கு 49ல் வந்தது. இப்போது 53, மாதவிடாய் நின்று மூன்று வருடம்.

முதலில் மனசு என்கிற பேச்சை விடுங்கள். இந்த ஊரலுக்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயரே லத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த அளவுக்குப் பழைய புகார். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது தோலின் எண்ணெய்ப்பசை குறையும், ஈரத்தைப் பிடித்து வைக்கிற சக்தி குறையும், தோலைத் தாங்குகிற கொலாஜனும் குறையும். நின்ற பிறகு முதல் 5 வருடத்தில் 30 சதவீதம் கொலாஜன் போய்விடுகிறது, அப்புறம் வருடத்துக்கு 2 சதவீதம் என்று கணக்கு சொல்கிறார்கள். அந்த முதல் 5 வருடத்தில்தான் நம் எல்லோருக்கும் "திடீர்னு வயசாயிட்டுது" என்று தோன்றுகிறது.

சிரங்கா என்று தெரிந்துகொள்ள, விரலிடுக்கில், மணிக்கட்டில் சின்னப் பொரி இருக்கிறதா பாருங்கள். வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த லோஷனைத் தூக்கிப் போடுங்கள்.

நான் செய்தது: சுடச்சுடக் குளிப்பதை நிறுத்தினேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். சோப்பு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும். கை காலுக்கு எதற்கு தினமும் சோப்பு, வயலிலா இறங்குகிறோம்? கடலை மாவு, பயத்தமாவு, சீயக்காய் எல்லாவற்றையும் உடம்பில் தேய்ப்பதை விட்டேன். எங்கள் அம்மா காலத்துச் சாமான்தான், ஆனால் காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். துடைத்ததும் தேங்காய் எண்ணெய். அது போதும், ஆயிரம் ரூபாய் கிரீம் வேண்டாம். டெஸ்டும் வேண்டாம், உங்கள் வயதே பதில் சொல்கிறது.

4 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எண்ணெய் ஈரத்தைக் கொண்டு வராது, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும். அதனால் நன்றாகக் காய்ந்த பிறகு தடவினால் பலன் பாதிதான். துண்டால் ஒற்றி, உடம்பு இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். குதிகால், முழங்கை மாதிரி தடித்த இடத்துக்கு எண்ணெய் மட்டும் பத்தாது. யூரியா கலந்த கிரீம் என்று கேட்டு வாங்குங்கள், விலை அதிகமில்லை. கிளிசரினும் நல்லது. வாசனை உள்ளது எதுவும் வேண்டாம்.

11 மார்ச்

நான் டாக்டரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஈரோட்டில் ரவிக்கை தைக்கிற கடை, 26 வருடமாக. ஆனால் 45லிருந்து 55 வரைக்கும் ஒரு பெண்ணின் உடம்பு என்ன ஆகிறது என்று என் அளவு நோட்டுகளைப் பார்த்துச் சொல்ல முடியும். பழைய நோட்டு ஒன்றையும் நான் எடைக்குப் போட்டதில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். "ஏனுங்க்கா, போனதுக்கு முந்தின தீபாவளிக்குத் தெச்ச ரவிக்கை கையிலயே ஏற மாட்டேங்குது, துணி சுருங்கிப்போச்சுங்களா?" துணி சுருங்கவில்லை. நோட்டைப் புரட்டிக் காட்டினேன். தோள் 14, அன்றைக்கும் இன்றைக்கும் அதே. முதுகுப் பக்கம் பெரிதாக மாற்றமில்லை. கைச்சுற்றளவு 11லிருந்து 12½. இடுப்பு 31லிருந்து 35. "நான் ஒரு இட்லி கூட அதிகமாச் சாப்புடறதில்லைங்க்கா" என்றார், கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை அவர். ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை தொடையிலும் பின்பக்கத்திலும் போய் உட்கார்ந்த கொழுப்பு இப்போது வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கூடவே தசை கரைகிறது, கை தளர்கிறது. எடை பார்க்கும் மெஷினில் இரண்டு கிலோகூட ஏறியிருக்காது, ரவிக்கைக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர், அறுபதைத் தொடுகிறவர். மூன்று வருடமாக ஒரே புகார்: "பின்னாடி தூக்குது, முன்னாடி தொங்குது." என் கட்டிங்கில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு தடவை காசு வாங்காமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்தால் பின் உயரம் ஒரு அங்குலம் கூடியிருக்கிறது, முன் உயரம் முக்கால் அங்குலம் குறைந்திருக்கிறது. மேல் முதுகு வளைகிறது. எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்றேன். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் தானாகவே நசுங்கியிருந்தன. கீழே விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. நின்ற பிறகு வரும் 5, 7 வருடத்தில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். அதில் வலி கிடையாது. வலி வரும்போது ஏற்கெனவே நசுங்கியிருக்கும்.

வாலிபத்தில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அதில் டி ஸ்கோர் என்று ஒரு எண் வரும். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு நோய் என்று அர்த்தம்.

12 மார்ச்

ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். கேன்சர் வரும். என் நாத்தனாருக்கு டாக்டரே சொன்னார்.

28 ஏப்ரல்

ஒரு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை. கல்யாண சீசன். அதோடு வெயில். ஈரோட்டில் இந்த மாதம் 42 டிகிரியைத் தாண்டிவிட்டது. எனக்கு குப்பென்று சூடு ஏறுவது குறைந்து ஒரு வருடம் ஆகிறது, அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடவில்லை. இப்போது ஊரே என்னைப் போல வேர்த்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் ஃபேன் ரெகுலேட்டரை அவராகவே ஐந்தில் வைக்கிறார். நாலு வருடமாக நான் ஐந்தில் வைப்பேன், அவர் எழுந்து இரண்டில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொள்வார்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். உடம்பில் சூடு கூடுவதில்லை. மூளையில் வெப்பத்தைக் கவனிக்கிற இடம் ரொம்ப உஷாராகிவிடுகிறது. முன்பு அரை டிகிரி ஏறினாலும் கண்டுகொள்ளாமல் இருந்தது, இப்போது துளி ஏறினாலே தீப்பிடித்தது போல வேர்வையைத் திறந்துவிடுகிறது. வேர்த்து முடிந்ததும் நடுங்குவது அதனால்தான். சராசரியாக 7 வருடம் வரை நீடிக்கலாம். மூன்றே மாதத்தில் போய்விட்டது என்று யாராவது சொன்னால் பொறாமைப்படுங்கள், நம்பிவிடாதீர்கள், திரும்பி வரலாம்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். லைனிங் துணி கிரேப்பாகவோ சாட்டினாகவோ இருந்தால், மேல் துணி எத்தனை ஆயிரம் கொடுத்த பட்டாக இருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்ட மாதிரிதான். வெந்துவிடும். மல் துணி லைனிங் கேளுங்கள். தையல்காரர் முகம் சுளிப்பார், மல் வழுக்காது, ஓரம் பிரியும், வேலை அதிகம். கேளுங்கள். அன்றாடத்துக்குச் சுத்தமான பருத்தி. டூ பை டூ என்று கேட்டால் எல்லாக் கடையிலும் காட்டுவார்கள், ஆனால் இப்போது அந்தப் பெயரில் பாலியஸ்டர் கலந்ததும் வருகிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள், உருகி மணியாகத் திரண்டால் வேண்டாம். அக்குளில் உள்பக்கம் இரட்டைப் பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொன்னால் உப்புக் கறையும் நிற்கும், உரசிப் புண்ணாவதும் குறையும். கை அரை அங்குலம் தளர்வாக இருக்கட்டும். அழகு போய்விடும் என்பார்கள், போகட்டும்.

மார்புக்குக் கீழே மடிப்பில் சிவந்து செதில் உதிர்கிறதா? அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கலில் கேட்டால் கொடுக்கிற கலப்பு கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். நாலு நாள் அடங்கும், அப்புறம் இரண்டு மடங்காகப் பரவும்.

9 மே

மார்ச்சில் கேள்வி கேட்ட வாசகி திரும்பி எழுதியிருக்கிறார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சொன்னபடியெல்லாம் செய்தாராம். தோல் மிருதுவாகிவிட்டது, எறும்பு மட்டும் போகவில்லை. கூடவே படி ஏறினால் மூச்சு, முடி கொத்துக் கொத்தாக, கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஹீமோகுளோபின் 9.8, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரும்பின் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் வெறும் 6. "மாதவிடாய் எப்படி?" என்று கேட்டதற்கு "தள்ளிப் போகுது டாக்டர், ஆனா வந்தா பத்து நாள்" என்றிருக்கிறார். முறை தவறுகிறது என்று நமக்கு எழுதினார், பத்து நாள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

"டெஸ்டும் வேண்டாம், உங்கள் வயதே பதில்" என்று எழுதியவள் நான்தான். அதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும். உடம்பு முழுக்க அரிப்பு என்றால் தோல் வறட்சி மட்டும் காரணமில்லை. இரும்புக் குறைவு, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் எதுவாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஒரே தடவை ரத்தம் கொடுத்தால் போதும்.

அதிகப் போக்கு என்பதற்கு என்ன அளவு என்று அவரே கேட்டிருக்கிறார். ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தால் அதிகம். நாற்பதுக்கு மேல் அப்படித்தான் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும்.

10 மே

தூக்கம் வரவில்லை, அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வாசகிக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "கர்ப்பப்பையை எடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு" என்றார்களாம், அடுத்த வாரமே தேதி. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் அக்கா ஞாபகம். 38 வயதில் அதிகப் போக்கு என்று போனார், கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை போனால் மெனோபாஸ் படிப்படியாக வருவதில்லை, ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போதே வந்து உட்கார்ந்திருக்கும். அக்காவுக்கு ஒரே மாதத்தில் வேர்வை, எரிச்சல், அழுகை. 50ல் மணிக்கட்டு முறிந்தது, குழாயடியில் வழுக்கி லேசாக ஊன்றியதற்கு. யாரும் மாற்று ஹார்மோன் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019ல் பேப்பரில் வந்தது. மாதவிடாய்க்கு லீவு போட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான் என்பதற்காக. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவையைத் தடுக்கும் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது. அங்கே நடந்தது வேறு, இங்கே நடப்பது வேறு என்று சொல்லலாம். என் வாடிக்கையாளர்களில் கர்ப்பப்பை இல்லாதவர்கள் யார் யார் என்று எண்ண ஆரம்பித்தேன், ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனதும் நிறுத்திவிட்டேன்.

எல்லா அறுவையும் தப்பு என்று சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறதா என்று இரண்டாவது டாக்டரிடம் கேளுங்கள் என்கிறேன். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயில் பல பேருக்குப் போக்கைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் "சினைப்பையை விட்டுவைக்க முடியுமா?" என்று ஆபரேஷனுக்கு முன்னால் கேளுங்கள்.

2 ஜூன்

மங்கு. நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். 48ல் இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் பழுப்பாகப் படர்ந்தது. தெருமுனை மெடிக்கலில் சின்ன டியூப் கொடுத்தார்கள், 90 ரூபாய். பத்தே நாளில் முகம் பளிச். கடைக்கு வந்தவர்களெல்லாம் "என்னங்க்கா போடறீங்க" என்று கேட்டார்கள். நானும் பெருமையாகப் பெயர் சொன்னேன், குறைந்தது எட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் பாவம் என்னைச் சேரும். எட்டு மாதம் போட்டேன். நிறுத்தினால் முகம் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும், உடனே திரும்பப் போடுவேன். கன்னத்தில் சிவப்பு நரம்பு கோலம் போட்டது, பூனை முடி வளர்ந்தது, அடுப்பு முன் நிற்க முடியவில்லை. தோல் டாக்டர் டியூபை வாங்கிப் பின்பக்கம் படித்தார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. சில வாரம் மட்டும், கண்காணிப்போடு போட வேண்டிய மருந்தை நான் ஸ்னோ மாதிரி பூசியிருக்கிறேன். ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கிற தோலை இன்னும் மெலிய வைத்தது அது. சரியாக ஒன்றரை வருடம் ஆயிற்று, மங்கும் திரும்பி வந்தது, வட்டியோடு.

இப்போது போடுவது சன்ஸ்கிரீன் மட்டும், எஸ்பிஎஃப் 30. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் பத்தும். நாம் பட்டாணி அளவு எடுத்துவிட்டுப் பலனில்லை என்கிறோம். வண்டியில் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வதும் உண்டு, செலவில்லாதது.

கழுத்தைச் சுற்றிக் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அது மங்கு இல்லை, அழுக்கும் இல்லை. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். சர்க்கரை டெஸ்ட் எடுங்கள்.

3 ஜூன்

நெற்றியில் பொட்டு வைக்கிற இடம் வெளுக்கிறது, வெண்குஷ்டமா என்று பயந்து ஒருவர். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கிற ரசாயனம் சிலருக்கு நிறத்தை அழித்துவிடும். பொட்டை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டிக்கரை விட்டுக் குங்குமத்துக்குப் போனால் அதிலுள்ள சாயம் சிலருக்குக் கறுப்பாக்கும். நம் நெற்றிக்கு இரண்டு பக்கமும் இடி.

தாடையில் ஒற்றை முடி, கம்பி மாதிரி, கடையின் டியூப் லைட்டில் மட்டும் தெரிவது: எனக்கும் மூன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் விலகியதும் இருக்கிற கொஞ்ச ஆண் ஹார்மோனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. நூலால் எடுத்துவிடுகிறேன், நூலுக்கா கடையில் பஞ்சம்.

21 ஜூலை

மார்ச் 12ல் ஹார்மோன் மாத்திரை பற்றி ஒரே வரியில் "வேண்டாம், கேன்சர் வரும்" என்று எழுதினேனே, அதைப் பற்றி.

அக்காவை போன மாதம் ஒரு மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவரிடம் நாத்தனார் கதையைச் சொன்னேன். சிரிக்காமல், பொறுமையாகச் சொன்னார். 2002 ஜூலையில் அமெரிக்காவில் இந்த மாத்திரையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போய் மாத்திரை சாப்பிட்டவர்களெல்லாம் பயந்து நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் அதில் நிறையப் பேர். மார்பகப் புற்று கூடியது எத்தனை என்றால், வருடத்துக்கு 10,000 பேரில் 30 ஆக இருந்தது 38 ஆனது. எட்டுப் பேரும் உயிர்தான், ஆனால் எல்லோருக்கும் வரும் என்கிற அர்த்தமில்லை. பிற்பாடு அந்தக் கணக்கை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்ததில், 60க்குக் கீழே, நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பிப்பவர்களில் பலருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. 38ல் சினைப்பையை எடுத்தவருக்கு அப்போதே கொடுத்திருக்க வேண்டும், இயல்பாக நிற்கிற வயது வரைக்குமாவது. இதைக் கேட்டு அக்கா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோருக்கும் ஆகாது. மார்பகப் புற்று வந்தவர்கள், காலில் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், காரணம் தெரியாத போக்கு இருப்பவர்கள் தொடக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகக் கொடுக்க மாட்டார்கள், கூட இன்னொரு ஹார்மோனும் வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடும். தோலில் தடவுகிற ஜெல்லில் ரத்தக்கட்டி பயம் மாத்திரையைவிடக் குறைவு. சுருக்கம் போவதற்காக மட்டும் இதைக் கேட்டுப் போகாதீர்கள், அதற்கானது இல்லை. ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேர்வையைக் குறைக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

நான் எடுக்கவில்லை. எனக்குத் தாங்க முடிகிற அளவில் இருந்தது. அது என் கதை, உங்களுக்கு ஆலோசனை இல்லை.

24 ஜூலை

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தைக்கக் கொடுக்க வந்து, துணியைக் கொடுத்த பிறகும் போகாமல் நிற்பார்கள். மற்றவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தி, "அங்கயும் காஞ்சு போகுதுங்க்கா, எரியுது" என்பார்கள். ஆமாம், அங்கேயும் தோல்தான், அதுவும் காயும். அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதும் இதோடு சேர்ந்தது. சோப்பு, கிருமிநாசினித் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். அங்கே மட்டும் போடுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, உடம்பில் சேர்வது ரொம்பக் குறைவு, டாக்டர் எழுதித் தருவார். வேர்வை பல வருடத்தில் தானாகக் குறையும், இது தானாகக் குறையாது, கூடும். கணவரிடம் "இஷ்டமில்லை" என்று சொல்வதைவிட "வலிக்குது" என்று சொல்லுங்கள், நிஜம் அதுதானே.

நின்று ஒரு வருடம் முழுசாக ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழுப்பாகக் கறை மட்டும் பட்டாலும், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். "மறுபடியும் வந்திருச்சு, இன்னும் இளமைதான்" என்று என்னிடம் சிரித்துச் சொன்ன ஒருவருக்கு ஸ்கேனில் உள்சுவர் 14 மில்லிமீட்டர். 4க்குள் இருக்க வேண்டியது. ஆரம்பத்திலேயே பிடித்ததால் இன்றைக்கும் தைக்க வருகிறார்.

18 ஆகஸ்ட்

ஒரு குவளை ராகிக் கூழ் குடித்தால் அன்றைக்கு முழுக் கால்சியம் வந்துவிடும் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் சுமார். நம் வயதுக்குத் தேவை 1,200. என் கூழில் இருக்கிற மாவு 40 கிராம்கூட வராது. அப்போ 140. மானம் போயிற்று. பாலும் தயிரும் ஒரு நாளைக்கு அரை லிட்டர், எள்ளுருண்டை ஒன்று, கீரை, கருவாடு பிடித்தால் அதுவும், எல்லாம் சேர்ந்தால்தான் பக்கத்தில் போகும். மிச்சத்துக்கு மாத்திரை. வைட்டமின் டி 60,000 மருந்தை வாரம் ஒன்று என்று ஆரம்பித்து வருடக் கணக்கில் விடாமல் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சேர்ந்து விஷமாகும், டாக்டர் சொன்ன வாரத்தோடு நிறுத்துங்கள்.

நடை மட்டும் போதாது என்பது எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. எடை தூக்க வேண்டும், தசைக்கும் எலும்புக்கும். ஜிம்முக்கெல்லாம் நான் போகவில்லை. மாமனார் காலத்துக் கரி இஸ்திரிப் பெட்டி பித்தளையில் ஒன்று மூலையில் கிடந்தது, தராசில் வைத்தால் ஐந்தரைக் கிலோ. கரி போடாமல்தான், அதையும் கேட்பீர்கள். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கைக்கும் பத்துப் பத்து, மூன்று சுற்று. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது இருபது. உதவிக்கு இருக்கிற பெண் முதல் வாரம் சிரித்தாள், இப்போது எண்ணிக்கை அவள்தான் சொல்கிறாள்.

தோள் இறுகிக் கை மேலே போகாமல் இருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள். இந்த வயதில் அதுவும் நிறையப் பேருக்கு வரும். முதலில் பிசியோதெரபி.

6 அக்டோபர்

முதல் கேள்வி கேட்டவர் நேற்று நேரிலேயே வந்துவிட்டார், பவானியில் இருக்கிறாராம், இவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஃபெரிட்டின் 41. காயில் வைத்து நாலு மாதம், போக்கு பெரிதும் அடங்கிவிட்டது. எறும்பு? "முக்கால்வாசி போயிருச்சுங்க்கா, கால்வாசி இருக்குது." அந்தக் கால்வாசிக்கு என் எண்ணெயைக் கொடுங்கள் என்றேன், சிரித்தார். வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார், வாசலில் செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

இரண்டு ரவிக்கைக்கு அளவு எடுத்தேன், மல் லைனிங். எடுத்து முடித்ததும் அவர் கேட்டார், "உங்க அளவு யாருங்க்கா எடுப்பாங்க?" 26 வருட நோட்டில் என் பெயருக்குப் பக்கமே கிடையாது. பழைய ரவிக்கையை மேலே போட்டு வெட்டிக்கொள்வேன், இடுப்பைக் கண்ணால் கூட்டிக்கொள்வேன், அவ்வளவுதான். உதவிக்கு இருக்கிற பெண்ணிடம் டேப்பைக் கொடுத்து நேராக நின்றேன். தோள் 13½. பின் உயரம் 14¾ என்றாள். தப்பாகப் பிடிக்கிறாய் என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். 14¾. கல்யாணத்துக்கு நானே தைத்த ரவிக்கை பீரோவில் இருக்கிறது, ராத்திரி எடுத்து விரித்து வைத்து அளந்தேன். 14.

டெக்ஸாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.